மாருதி 800 பிரேக்கும் நம்ம ஊர் விளக்கெண்ணெயும்



நம்ம பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மகள் ஓட்டிப் பழகட்டும் என்று பழைய மாருதி 800 ஒன்று வாங்கியிருக்கிறார். முதல் மிதியில் பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறதாம். இரண்டு மூன்று தடவை மிதித்தால் மேலே வந்து பிடிக்கிறதாம். ஒருவர் "பழைய வண்டின்னா அப்படித்தாங்க" என்றிருக்கிறார். இன்னொருவர் "கொஞ்சம் ஆயில் ஊத்திக்குங்க" என்றிருக்கிறார். "பாஸ்கல் விதி நடத்துனது நீங்கதானுங்க சார், நீங்களே சொல்லுங்க" என்று முடித்திருந்தார். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள் கண்ணுகளா. இதில் வரலாறும் உண்டு, நம்ம தறியும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 800இன் பிரேக் கோளாறு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த வண்டியின் கோளாறு இல்லை. அதற்கு முந்தைய வண்டிகளில் நாம் பழகிய பழக்கங்கள்தான். அந்தப் பழக்கம் ஒவ்வொன்றும் அதற்குரிய காலத்தில் நியாயமாகவே இருந்தது. காலம் போனது, பழக்கம் போகவில்லை.

பிரேக் என்றால் என்ன? சுற்றுகிற ஒன்றை உரசி நிறுத்துவது, அவ்வளவுதான். குமாரபாளையத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விசைத்தறியில் பாவு பீம் தன் இஷ்டத்துக்கு உருண்டு ஓடாமல் இருக்க, அதன் ஓரத்தில் சங்கிலியையோ கயிற்றையோ சுற்றி, நெம்புகோலில் எடை தொங்கவிடுகிறோமே, அது அசல் பிரேக். அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? பீம் வழுக்கும், பாவு தொய்யும், துணி கெடும். காரின் பின் சக்கர டிரம்முக்குள் பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்தால் நடப்பதும் அதேதான். இங்கே கெடுவது துணியோடு நிற்காது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு வந்த ஆரம்ப கால பிரேக் லைனிங்குகளில் நூலால் ஆனதும் உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷைர் பகுதியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் இந்த வேலையைத் தொடங்கினார். அங்கே மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை வைத்து அடித்து ஓட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். பருத்தி நெசவில் கீல் போன்ற பிசினை ஊற வைத்து லைனிங் செய்தார். அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான் 'ஃபெரோடோ' என்ற பெயர். ஆனால் பருத்தி சூட்டைத் தாங்காது, கருகிவிடும். அதனால் 1908 வாக்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், மறக்க மாட்டேன்.

அடுத்தது எண்ணெய் கதை. ஆரம்ப காலக் கார்களில் பெடலிலிருந்து சக்கரம் வரை கம்பியும் கேபிளும்தான். நான்கு சக்கரமும் ஒரே அளவு பிடிக்க வைப்பது பெரும்பாடு. 1917இல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் திரவத்தின் வழியாக அழுத்தத்தை அனுப்பும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லாக்ஹீட் விமானக் கம்பெனியை அண்ணன் தம்பி சேர்ந்து தொடங்கினார்களே, அந்தக் குடும்பம்தான். 1921இல் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் அது வந்தது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, அது ஊர்தியில் ஏறியது அப்போதுதான்.

அந்தத் திரவம் என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்! ஆமணக்கு எண்ணெயில் ஆல்கஹால் கலந்து நீர்க்கச் செய்து ஊற்றினார்கள். காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் வாஷர்கள் இயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த எண்ணெய் பட்டாலும் ரப்பர் உப்பி ஊறிப்போகும். விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் மானாவாரிக் காட்டில் விளையும் பயிர். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம்ம அப்பாரு காலத்தில் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட மசகிலும் அந்த எண்ணெய்தான்.

ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதித்துவிடும். பிரேக் சூடேறினால் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அதனால் பின்னாளில் கிளைக்கால் என்ற ரசாயனக் குடும்பத்துத் திரவங்கள் வந்தன. இன்று டப்பாவில் 'டாட் 3', 'டாட் 4' என்று போட்டிருப்பது அதுதான். எண்ணெய் போய் அறுபது எழுபது ஆண்டுகள் ஆகியும் நாம் இன்னும் 'பிரேக் ஆயில்' என்கிறோம். பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. ஆயில் என்று பெயர் இருப்பதால்தான் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிய வண்டிகளையும், வாஷரை மண்ணெண்ணெயில் அலசி மாட்டிய வண்டிகளையும் பட்டறைகளில் பார்க்கிறோம். இரண்டு வாரத்தில் வாஷர் உப்பி, பிரேக் பிடித்தது விடாமல் சக்கரம் சூடேறும். பிறகு "டூப்ளிகேட் வாஷர் குடுத்துட்டான்" என்று கடைக்காரருக்கு வசவு.

நம்ம நாட்டுக்கு வருவோம். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். அந்த வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய பிரேக் சாமான்களைச் செய்ய 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவின் பிரேக் தொழிலில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் நடந்தது என்பது நம் பாடப்புத்தகத்தில் வராத வரலாறு. 'கிர்லிங்' என்ற பெயரைச் சொன்னால் சங்ககிரி லாரிப் பட்டறைகளில் எழுபது வயது மெக்கானிக் இன்றும் தலையாட்டுவார்.

டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். ஒரு மிதியில் போகும் திரவம் அந்த இடைவெளியை நிரப்பப் போதாது. இரண்டாம் மிதி, மூன்றாம் மிதியில்தான் பிடிக்கும். அதற்குத்தான் அந்தக் கால டிரைவர்கள் 'பம்ப்' பண்ணினார்கள். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடியதும் கீழே படுத்து அட்ஜஸ்ட்மென்டைத் திருகி 'பிரேக் ஏத்துவார்கள்'. அதை ஒழுங்காகச் செய்கிறவர் நல்ல டிரைவர். அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர்களிடம் கார் கற்றுக்கொண்ட நம்ம ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் காலிலேயே அந்தப் பம்ப் பழக்கம் ஊறிவிட்டது.

1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரிடம் கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை 650 கிலோ அளவு. 1986இல் வடிவம் மாறி, நம்ம தெருக்களில் நாம் பார்த்த அந்த 800 வந்தது. அதன் முன் சக்கரங்களில் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க் பிரேக்குக்கும் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902லேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதை மாட்டி ஜெயித்த பிறகுதான் உலகம் கவனித்தது. அங்கிருந்து ஒரு சாதாரண வாத்தியார் குடும்பம் வாங்கும் வண்டிக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இங்கேதான் குழப்பம் தொடங்கியது. டிரம் பிரேக்கில் ஒரு குணம் உண்டு. சுற்றும் டிரம்மே முன் பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் மிதித்தால் போதும், மீதியை டிரம் பார்த்துக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. காலின் பலம்தான் பலம். அதனால்தான் டிஸ்க்குக்குத் துணையாக வேக்குவம் பூஸ்டர் வைப்பார்கள். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பெடலைச் சேர்ந்து தள்ளும் ஏற்பாடு. 800களில் பூஸ்டர் உள்ளவையும் ஓடின, இல்லாதவையும் நிறைய ஓடின. பூஸ்டர் இல்லாத வண்டியில் ஏறியவர்கள் "கல்லை மிதிச்ச மாதிரி இருக்குதுங்க, பிரேக் சரியில்லை" என்றார்கள். அது கோளாறே அல்ல, அதன் பிறவிக்குணம். கால் இன்னும் அழுத்த வேண்டும், முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் இடைவெளி விட வேண்டும். அதே சமயம், பூஸ்டர் உள்ள வண்டி திடீரென்று கல் மாதிரி ஆனால் அது நிச்சயம் கோளாறு. இன்ஜினிலிருந்து வரும் அந்த ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது பூஸ்டருக்குள் கிழிந்திருக்கும்.

இப்போது நம்ம மாணவரின் கேள்வி. மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. குழாயில் காற்று இருக்கலாம். அப்படியென்றால் பஞ்சை மிதித்த மாதிரி மெத்தென்று இருக்கும். அல்லது பின் டிரம்மில் தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் பாகம் துருவேறி இறுகிப் போயிருக்கும். அம்பாசடரில் கையால் திருகியதை இதில் அந்தப் பாகமே செய்ய வேண்டும். தானாக நடக்கும் என்பதாலேயே யாரும் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதில்லை. பெடல் மேலே வந்து, மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது, அல்லது எங்கேயோ கசிகிறது. அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்க வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயம். 800இல் இருப்பது இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர். ஒரு பாதியில் திரவம் போய்விட்டாலும் மறு பாதி வேலை செய்யும். அமெரிக்காவில் 1968இல் சட்டமாகவே ஆன ஏற்பாடு இது. அம்பாசடரின் ஆரம்ப கால வண்டிகளில் ஒரே அறைதான். எங்கே ஒழுகினாலும் மொத்தமாகப் போய்விடும், டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும். 800இல் பெடல் ஆழமாகப் போகும், ஆனாலும் வண்டி எப்படியோ நிற்கும். "நிக்குதுல்ல, பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. ஆழமான பெடலைப் பம்ப் பண்ணிச் சமாளிப்பதும் அதையேதான் செய்கிறது.

பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் 800இல் சகஜம். முன் டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் நகர வேண்டும். கிரீஸ் காய்ந்து, தூசி ஏறி அவை இறுகினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். டயரை மாற்றியும், அலைன்மென்ட் பார்த்தும் காசு செலவழிப்பதற்கு முன் அந்த ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கேட்பதற்குச் சின்ன வேலை, அரை நாள் கூலி கேட்பார்கள், கொடுக்கலாம்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். மலை.

நமக்கு ஏற்காடு பக்கம். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு 70. விடுமுறை விட்டால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். 800இன் எடையும் நான்கு பேர் எடையும் சேர்த்து 900 கிலோ என்று வையுங்கள். எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்குங்கள், ஒரு கோடி ஜூலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 36 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் காற்றுக்கும் டயருக்கும் போனது போக மீதி முழுவதும் அந்தச் சின்ன டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான்.

கிளைக்கால் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உப்பு ஐப்பசி மழையில் கசிவது மாதிரி. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கான விதி 140 டிகிரிதான். டாட் 4க்கு 230, 155. விளக்கெண்ணெய்க் காலத்துச் சங்கடம் வேறு வழியாகத் திரும்பி வந்த மாதிரி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக மாற்றச் சொல்வது இதனால்தான். நம்ம ஊரில் மாற்றுவதே கிடையாது. குறைந்தால் ஊற்றுவோம். பத்து வருடத் திரவம் கடுங்காப்பி நிறத்தில் உள்ளே கிடக்கும்.

எங்கள் மச்சான் குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. ஐந்து பேர், ஒரு 800. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருக்கிறார். கருகிய வாசனை வந்தபோது பின்னால் வந்த லாரி என்று நினைத்தார்களாம். அடிவாரம் நெருங்கும்போது பெடல் தரையில் உட்கார்ந்துவிட்டது. பம்ப் பண்ணியும் ஒன்றும் வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டில் உரசி நிறுத்தினார். அக்காவின் முன்பல் ஒன்று போனதோடு சரி. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது! மறுநாள் ஒரு பட்டறையில் காட்டியபோது "ஒண்ணுமே இல்லீங்களே, நல்லாத்தான் இருக்குது" என்று அனுப்பிவிட்டார்கள். திரவம் கொதித்து ஆவியானதும், ஆறியதும் மறுபடி திரவமானதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பாஸ்கல் விதி அந்த இடத்தில் நின்றுபோகிறது.

ஹேண்ட் பிரேக் ஏன் காப்பாற்றியது? அது கேபிள், திரவத்தோடு சம்பந்தமில்லாதது. 1920க்கு முந்தைய தொழில்நுட்பம் மிச்சமிருந்து உயிரைக் காத்தது. பழைய 800களில் அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதை யாரும் சட்டை செய்வதில்லை. "பிளாட்டா இருக்கிற ஊர்ல ஹேண்ட் பிரேக் எதுக்கு" என்பார்கள்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு வெற்றிடம் தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீ காசு பெறாது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் கிளீனர் பையனுக்கு முதலில் சொல்லித் தருவார்கள். தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கியவர்கள் சொல்வது அது. கார்க்காரர்களான நாம்தான் அதை லாரிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

800இன் கதை 2014 ஜனவரி 18இல் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடரின் உத்தர்பாரா ஆலையும் நின்றது. 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வண்டிகளில் ஓட்டிப் பழகிய பிள்ளையைத் திடீரென்று பழைய 800இல் ஏற்றினால், அவசரத்தில் ஓங்கி மிதிக்கும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். காலிச் சாலையில் ஒரு காலைப் பொழுது அப்பாவோ மாமாவோ பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்திப் பழக்கிவிடுங்கள். நம்ம மாணவர் மகளுக்கும் அதைத்தான் எழுதினேன். அதற்கு முன்னால் நான்கு டிரம், டிஸ்க்கையும் திறந்து பார்த்து, திரவத்தை முழுவதும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

கல்நார் பற்றிச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் பட்டறை வைத்திருக்கிறீர்கள், இது உங்களுக்கு. கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். பிரிட்டன் 1999இல் அதைத் தடை செய்தது. இப்போது நல்ல கம்பெனி லைனிங்குகள் கல்நார் இல்லாமல்தான் வருகின்றன. ஆனால் பழைய வண்டியில் பழைய ஷூ இருக்கும், எப்போதோ வாங்கி வைத்த ஸ்டாக்கும் கடையில் இருக்கும், பார்த்துச் சொல்ல முடியாது. டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதையும், ஏர் பைப்பைப் பிடித்து அடிப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். வேலைக்கு இருக்கிற சின்னப் பையன்களை அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.